கிறிஸ்துமஸ் இரவில் வெளிநாட்டில்: முதுகுப் பையோடு போகிறவர் எங்கே இருப்பது நல்லது?

கண்டிகுப்பம்_சாலை | அக்டோபர் 4, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். என் ஊர் எலத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். எங்கள் பிரிவில் ஆண்டுக் கடைசியில் இயந்திரப் பராமரிப்புக்காக உற்பத்தியை நிறுத்திவிடுவதால், டிசம்பர் மூன்றாம் வாரம் முதல் ஜனவரி முதல் வாரம் வரை சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைக்கிறது. மற்ற மாதங்களில் நான்கு நாள் தொடர்ந்து கேட்டாலும் கிடைக்காது. ஆகவே நானும் என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தியும் இந்த ஆண்டு அந்த விடுப்பில் பேக்பேக்கிங் போவதென்று முடிவு செய்து, நெடுநாளாகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இரண்டு வழிகளை யோசித்திருக்கிறோம். ஒன்று, ஜெர்மனியில் இறங்கிச் செக் நாடு வழியாகப் போலந்து வரை ரயிலில் போவது. மற்றொன்று, வியட்நாமின் வடக்கில் தொடங்கித் தெற்கு வரை வருவது. இரண்டாவது வழியில் செலவு குறைவு என்பது தெரியும். ஐரோப்பாவுக்கும் கையில் பணம் இருக்கிறது. நான் கேட்க விரும்புவது வேறு. டிசம்பர் 24 இரவில் நான் இதுவரை எங்கள் ஊர்க் கோயிலைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. என் தோழி இந்து. அவளுக்கு அது அழகான ஒரு பண்டிகை நாள். எனக்கோ நள்ளிரவுத் திருப்பலி (கோயில் பூசை) இல்லாமல் அந்த நாளைக் கடக்க மனமில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளிநாட்டில் பயணத்தில் இருந்தவர்கள், 24, 25 ஆகிய இரண்டு நாட்களும் உண்மையில் எப்படிக் கழிந்தன என்பதைச் சொல்லுங்கள். விளக்கு அலங்காரப் படங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் எனக்கு வேண்டிய விடை இல்லை.

---

மத்திகிரி_வாசி | அக்டோபர் 4, இரவு 10.35

தங்கைக்கு வணக்கம். நான் ஜெர்மனியில் படித்த காலத்தில் விடுமுறைகளை முதுகுப் பையோடுதான் கழித்தேன். ஐரோப்பா என்றால் கிறிஸ்துமஸின் நடுவீடு என்று நாம் நினைக்கிறோம். டிசம்பர் 23 வரை அது உண்மை. நாம் படங்களில் பார்க்கும் கிறிஸ்துமஸ் சந்தைகள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்துக்கு உரியவை; அவற்றில் பெரும்பாலானவை பண்டிகைக்கு முன்பே கடையைக் கட்டிவிடும். நூரம்பர்க் நகரத்துச் சந்தையும், 1434 முதல் நடந்துவரும் டிரெஸ்டன் நகரத்துச் சந்தையும் டிசம்பர் 24 பகலோடு முடிந்துவிடுகின்றன. அன்று பிற்பகல் 2 மணி அளவில் மளிகைக் கடைகளும் மூடப்படும். 25, 26 இரண்டும் பொது விடுமுறை என்பதால், நீங்கள் வாங்கி வைத்திருப்பதுதான் உங்கள் உணவு. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள் மட்டும் திறந்திருக்கும். ரயில்கள் ஓடும் என்பது ஆறுதல். லண்டனில் அதுவும் இல்லை. டிசம்பர் 25 அன்று அங்கே சுரங்க ரயிலும் நகரப் பேருந்தும் ஓடுவதில்லை.

ஜெர்மனியில் இளைஞர் விடுதிகள் பல அந்த மூன்று நாட்களும் மூடியிருக்கும். தனியார் ஹாஸ்டல்கள் திறந்திருந்தாலும் வரவேற்பு மேசையில் ஆள் இருக்கும் நேரம் குறைவு. ஆகவே 24 அன்று ஊர் விட்டு ஊர் போகும்படி பயணத்தை அமைக்க வேண்டாம். 23 அன்றே ஓரிடத்தில் போய்ச் சேர்ந்து, 27 காலை வரை அங்கேயே இருங்கள்.

கோயில் விஷயத்தில் குறை இல்லை. ஆண்டு முழுவதும் காலியாகக் கிடக்கும் ஆலயங்கள்கூட அன்று நிரம்பிவிடும். யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் வழிபாடு முடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நாடுகளில் அது குடும்பத்துக்குள் கொண்டாடும் பண்டிகை. ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரியும், தெருவில் ஓர் ஆள் இருக்க மாட்டார். அந்த நேரத்தில் ஹாஸ்டல் அறைக்குத் திரும்பி நடப்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

---

பர்கூர்_அம்மா | அக்டோபர் 5, காலை 6.20

மகளே, நீ கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை, வேறொன்று கேட்கிறேன். 26ஆம் தேதி புறப்பட்டால் என்ன? விடுப்பில் பாதி அப்போதும் மிச்சம் இருக்குமே. என் மகன் போன ஆண்டு நேபாளத்துக்குப் போனான். 24 இரவு கோயிலில் பாட்டுக் குழுவினர் பாடத் தொடங்கியதும் எனக்கு அந்த வரிசையில் அவன் நிற்கும் இடம்தான் கண்ணில் பட்டது. மற்ற பிள்ளைகள் எல்லோரும் இருந்தும் அந்த ஓர் இடத்தை யாராலும் நிரப்ப முடியவில்லை. கச்சாயமும் நிப்பட்டும் செய்தோம், தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம், இயேசு பிறந்த காட்சியை வைக்கும் குடில் கட்டினோம். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் பண்டிகை நாளில் பிள்ளை எங்கே சாப்பிட்டானோ என்ற நினைப்போடு ஒரு தாய் சாப்பிடுவது நல்ல சாப்பாடு ஆகாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. போகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

கண்டிகுப்பம்_சாலை | அக்டோபர் 5, இரவு 8.45

அம்மா, நீங்கள் எழுதியதை என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "போய் வா, ஆனால் பூசை பார்க்காமல் இருக்காதே" என்றார். 26 அன்று புறப்படுவதை நாங்களும் யோசித்தோம். ஆண்டு முடிவை ஒட்டிய அந்த நாட்களில் விமானக் கட்டணம் எங்கள் கணக்கைத் தாண்டிவிடுகிறது. வழியில் கழியும் நாட்களை விலக்கினால் சுற்றிப் பார்க்க ஒரு வாரம்கூட மிஞ்சாது. திருமணத்துக்கு முன் இப்படி ஒரு பயணம் இன்னொரு முறை வாய்க்கும் என்ற உறுதி எனக்கோ என் தோழிக்கோ இல்லை.

---

பொம்மிடி_சந்திப்பு | அக்டோபர் 5, இரவு 11.50

நான் பி.பள்ளிப்பட்டிக்காரன். வியட்நாமில் கிறிஸ்துமஸ் கொண்டாடியிருக்கிறேன், இத்தாலியிலும் கொண்டாடியிருக்கிறேன். மத்திகிரி நண்பர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். பண்டிகை வீட்டுக்குள் நடக்கும் நாடுகள் உண்டு. தெருவில் நடக்கும் நாடுகளும் உண்டு. வீட்டுக்குள் நடக்கும் பண்டிகையில் வழிப்போக்கனுக்கு இடம் கிடைக்க வேண்டுமானால் யாராவது கதவைத் திறந்து அழைக்க வேண்டும். தெருவில் நடக்கும் பண்டிகைக்கு அழைப்பே வேண்டாம். நம் ஊர்களின் கிறிஸ்துமஸ் இரண்டாவது வகை. இரவு 11 மணிக்குக் கோயில் மைதானத்தில் யார் கிறிஸ்தவர், யார் இல்லை என்று பிரித்துப் பார்க்க முடியுமா? பக்கத்து ஊர்களிலிருந்து குடில் பார்க்க வந்த குடும்பங்கள், கடலைக்காய் விற்பவர், பலூன்காரர் எல்லோரும் சேர்ந்ததுதான் நம் 24ஆம் தேதி. அப்படிப் பழகியவர்களுக்கு, கிறிஸ்தவ நாடு என்று பெயர் பெற்ற இடத்தைவிட, கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாக உள்ள வியட்நாம் நெருக்கமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

வியட்நாமில் டிசம்பர் 25 அரசு விடுமுறை இல்லை. கடைகள், பேருந்துகள், ரயில்கள் எல்லாம் வழக்கம்போல் இயங்கும். பயணத்தில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை ஐரோப்பாவில் மூடிய கடைகளுக்கு முன் நின்றவர்கள் அறிவார்கள். ஆனால் 24 மாலை முதல் ஹனோய் புனித சூசையப்பர் பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவே இடமிருக்காது. அந்தப் பேராலயம் 1886ஆம் ஆண்டு கிறிஸ்துமஸை ஒட்டி நேர்ந்தளிக்கப்பட்டது. ஹோவான் கியெம் ஏரியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். குழந்தைகளுக்குச் சிவப்பு உடை போட்டு, குடிலைக் காட்டி, படமெடுத்துப் போகிறவர்கள். உள்ளே இடம் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே போய்விட வேண்டும்.

தெற்கே, ஹோ சி மின் நகரத்தில், 2025 வரை எட்டாம் மாவட்டமாக இருந்த பகுதியின் ஃபாம் தே ஹியென் தெருவுக்குப் போங்கள். அந்தப் பகுதியில் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய வசிக்கின்றன. சந்துக்குச் சந்து பெரிய குடில் கட்டி, வீட்டு வாசலெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள். நம் ஊரில் இளைஞர்கள் மூங்கில் பட்டையை வளைத்து நட்சத்திரம் கட்டி, ஒவ்வொரு தெருவும் அடுத்த தெருவைவிட உயரமாக ஏற்றப் பார்ப்பதை நினைவூட்டும் போட்டி அங்கேயும் உண்டு. நகரின் நடுவில் 1880இல் கட்டி முடித்த நோத்ர்தாம் பேராலயத்தில் சீரமைப்பு வேலை 2017 முதல் நடந்துவருகிறது. அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். உங்கள் தோழிக்கும் ஒரு செய்தி: அதே நகரில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று வியட்நாம் மக்களே அங்கே ஊதுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள்.

---

மத்திகிரி_வாசி | அக்டோபர் 6, காலை 7.30

பொம்மிடி அண்ணனின் பிரிவினை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஓர் ஐயம். தெருக்கூட்டம் வேறு, பண்டிகை வேறு. படமெடுக்க வந்த கூட்டத்தின் நடுவே நின்றால், சந்தடி இருக்கும்; நம்மோடு சேர்ந்து மண்டியிடுகிறவர் இருப்பாரா? அந்தத் தங்கை கேட்டது திருப்பலியைப் பற்றி. நான் ஜெர்மனியில் கண்ட வெறுமையை மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஆலயத்துக்குள், மொழி புரியாமலேயே, முழங்கால் படியிட்டு நின்ற அந்த ஒரு மணி நேரம் குறையற்றதாக இருந்தது. இலத்தீன் பாடலைக் கேட்டதும் நம் ஊர்ப் பெரியவர்கள் பாடிய மெட்டு அதுவே என்று தெரிந்தது.

---

அதியமான்கோட்டை | அக்டோபர் 6, பிற்பகல் 1.15

போலந்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் கிராகோவ் நகரில் சில காலம் வேலை பார்த்தேன். ஐரோப்பாவை முழுவதும் ஒரே நிறமாகப் பார்க்க வேண்டாம். போலந்தில் 24 இரவு உணவுக்கு விகிலியா என்று பெயர். வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே மேசையில் உட்காருவார்கள். கிராகோவில் அந்த மாதத்தில் மாலை 4 மணியை ஒட்டி இருட்டிவிடும். இறைச்சி இல்லாத 12 வகை உணவுகள், மேசை விரிப்புக்கு அடியில் சிறிது வைக்கோல், தொடங்குமுன் ஒருவர் கையிலுள்ள அப்பத்தை மற்றவர் ஒடித்து வாங்கிக்கொண்டு வாழ்த்துவது என்று ஒவ்வொன்றும் முறையாக நடக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பார்கள். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு உரியது அது. வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை வழிப்போக்கனை வெளியே நிறுத்திவிடும் என்று பொம்மிடி நண்பர் சொன்னாரே, அந்தக் குறையை உணர்ந்து அதற்கு மருந்தையும் தன் வழக்கத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட நாடு போலந்து என்பது என் எண்ணம். என்னை உடன் வேலை பார்த்த ஒருவர் அழைத்துச் சென்றார். அவருடைய பாட்டி எனக்கு அப்பத்தை நீட்டியபோது வாழ்த்தின் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் நான் என் பங்கை ஒடித்து எடுக்கும்வரை அவர் கையைக் கீழே இறக்கவில்லை.

இன்னொன்று. கிராகோவில் குடில் செய்வது பெரிய கலை. நம்மைப் போல வைக்கோல் குடிசை கட்டுவதில்லை. அட்டையிலும் வண்ண உலோகத் தாளிலும் நகரத்து ஆலயக் கோபுரங்களைப் போல உயர்த்திக் கட்டி, நடுவில் குழந்தை இயேசுவை வைப்பார்கள். 1937 முதல் அதற்குப் போட்டி நடக்கிறது. டிசம்பர் முதல் வியாழக்கிழமை நகரச் சதுக்கத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைப்பார்கள். 2018இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் போகும்போது போட்டி முடிந்திருக்கும். ஆனால் குடில்களைக் காட்சிக்கு வைத்திருப்பார்கள். கேழ்வரகை ஊறவைத்து முளைக்கட்டிக் குடிலுக்குப் பசும்புல் வளர்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவற்றைப் பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கூடுதல் தட்டை நம்பி முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அங்கே ஒருவரையேனும் அறிந்திருந்தால்தான் அது உங்களுக்குத் திறக்கும். 2025 முதல் டிசம்பர் 24உம் அங்கே பொது விடுமுறை. ஆகவே மூன்று நாட்கள் கடைகள் இருக்காது. போய் இறங்கிச் சில நாட்களே ஆன இருவருக்கு, யாருடைய அறிமுகமும் இல்லாமல், போலந்தும் ஜெர்மனியைப் போலவே இருக்கும்.

---

பென்னாகரம்_மாணவி | அக்டோபர் 6, இரவு 9.05

நான் ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் அனுபவம் இரண்டிலும் சேராது. இந்நாட்டின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால், 13 நாட்கள் தள்ளி ஜனவரி 7 அன்றுதான் இங்கே கிறிஸ்துமஸ். அன்று திபிலிசி நகரில் வெண்ணிற உடை அணிந்த குழந்தைகளும் குருக்களும் ஊர்வலமாக வருவார்கள். வழியில் ஏழைகளுக்கான பொருட்களை மக்களிடம் வாங்கிச் சேர்ப்பார்கள். அருகிலுள்ள ஆர்மீனியாவில் ஜனவரி 6. டிசம்பர் 25 இங்கே சாதாரண வேலை நாள். எங்களுக்கு வகுப்பும் இருக்கும்.

முதல் ஆண்டில் இது பெரிய வருத்தமாக இருந்தது. பிறகு தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மாணவர்கள் சேர்ந்து, பேதுரு பவுல் கத்தோலிக்க ஆலயத்துக்குப் போய்விட்டு, ஒருவர் அறையில் கோழிக்குழம்பு வைக்கத் தொடங்கினோம். ஊர் முழுவதும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் நாளில் நாங்கள் மட்டும் புதுத்துணி உடுத்திக்கொண்டு பேருந்தில் போவதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது. அதை எங்கள் ஊரில் நான் உணர்ந்ததில்லை.

---

தளி_சாலை | அக்டோபர் 7, காலை 10.40

நான் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவன். எங்களுக்கு 24 நள்ளிரவைவிட 25 அதிகாலை ஆராதனையே பெரியது. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வேளையில் எழுந்து, குளித்து, புதுத்துணி உடுத்தாமல் எனக்குக் கிறிஸ்துமஸ் விடிவதில்லை. இங்கே எல்லோரும் தொலைதூரத்தை எண்ணுகிறார்கள். தமிழிலேயே வழிபாடு கிடைக்கும் நாடுகளை யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டப்பட்டது. கோலாலம்பூரில் புடு பகுதியில் உள்ள புனித அந்தோணியார் ஆலயமும் அவ்வாறே தமிழர்களுக்காக எழுந்தது. இரண்டு நாடுகளிலும் டிசம்பர் 25 பொது விடுமுறை. ஆனால் உணவகங்கள் மூடுவதில்லை. இலங்கையும் உண்டு. நீர்கொழும்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பண்டிகை தெருவில்தான் நடக்கிறது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே பெரிய நாட்களில் ஆலய வாசலில் சோதனை கடுமையாக இருப்பதால், பெரிய முதுகுப் பையை விடுதியில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தமிழில் பிரசங்கம் கேட்டுவிட்டு வெளியே வந்ததும், "எந்த ஊர்?" என்று ஒருவர் கேட்பார். ஓசூருக்குத் தெற்கே என்றால் உடனே யாராவது ஒரு சொந்தக்காரரின் பெயரைச் சொல்லி விசாரிப்பார்கள். அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டலுக்குத் திரும்ப விடமாட்டார்கள். போலந்துத் தட்டைப் போல் அல்லாமல், அறிமுகமே தேவைப்படாத இடம் வேண்டுமானால் எனக்குத் தெரிந்து இதுதான்.

---

பர்கூர்_அம்மா | அக்டோபர் 7, மாலை 5.30

தளி_சாலை தம்பி சொன்னதுதான் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. மகளே, சிங்கப்பூருக்குப் போயேன்.

---

பொம்மிடி_சந்திப்பு | அக்டோபர் 7, இரவு 10.20

சிங்கப்பூர் நல்ல ஊர்தான், அம்மா. ஆனால் ஹாஸ்டல் கட்டணத்துக்கே அவர்கள் சேர்த்த பணம் கரைந்துவிடும். இரண்டு வாரம் சுற்ற நினைப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

மத்திகிரி நண்பரின் ஐயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டது சரியான கேள்வி. ஹனோய் பேராலய வாசலில் கூட்டம் பெரிது, ஆலயத்துக்குள் இருப்பவர்கள் வேறு. ஆனாலும் மண்டியிடும் கூட்டத்தோடு இருக்க விரும்பினால் ஹனோயிலிருந்து தெற்கே ஃபாட் ஜியெம் என்ற ஊருக்குப் போக வேண்டும். நின் பின் மாநிலத்தில், கடற்கரையை ஒட்டிய சமவெளியில் இருக்கிறது. சுற்றிலும் வயல். ஊருக்கு ஊர் ஆலயம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திரான் லுக் என்ற வியட்நாமியக் குரு முன்னின்று கட்டிய பேராலயம் அது. வெளியிலிருந்து பார்த்தால் பௌத்தக் கோயில் என்றே நினைப்பீர்கள். வளைந்த ஓட்டுக் கூரை, முன்னால் குளம், கல்லால் ஆன மணிமண்டபம். உள்ளே பெரிய மரத்தூண்கள். அங்கே 24 இரவு கூடுகிறவர்கள் உழவர் குடும்பங்கள். பாட்டிகள் மணிக்கணக்காக ஒரே குரலில் இராகமிட்டுச் செபம் சொல்வார்கள். நம் ஊரில் திருப்பலிக்கு முன் பெண்கள் செபமாலை சொல்லும் அதே இழுவை. மொழி தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. நான் அந்த இரவில் வேற்றூரான் என்ற எண்ணம் இல்லாமல் இருந்தேன். ஐரோப்பாவில் இருந்த கிறிஸ்துமஸைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இருவரும் பெண்கள் என்பதால் இன்னும் சில. ஹாஸ்டலில் பெண்களுக்கான தனிப் படுக்கையறையை இப்போதே பதிவு செய்யுங்கள்; 24 இரவு பல ஹாஸ்டல்களில் மது விருந்து நடக்கும், ஆகவே விருந்துக்குப் பெயர் போன இடமா என்பதைப் பழைய விருந்தினர் எழுதியதில் பார்த்துவிட்டு எடுங்கள். மின் விசாவை வியட்நாம் அரசின் இணையதளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒருமுறை நுழைவதற்கு 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்ப வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் சிக்கல் வரும். வடக்கு வியட்நாமில் டிசம்பர் குளிர் ஓசூர்க் குளிருக்கு நிகரானது, ஒரு கம்பளிச் சட்டை போதும்.

---

கண்டிகுப்பம்_சாலை | அக்டோபர் 9, இரவு 9.30

எல்லோரும் எழுதியதை நானும் என் தோழியும் சேர்ந்து படித்தோம். போலந்தின் கூடுதல் தட்டைப் பற்றிப் படித்ததும் அவள் கண் கலங்கிவிட்டாள். என்றாவது அங்கே யாரையாவது அறிந்த பிறகு போக வேண்டும் என்கிறாள். இந்த ஆண்டு வியட்நாம் போவதென்று முடிவு செய்திருக்கிறோம். 23 அன்று ஹனோயிலிருந்து நின் பின் போய், 24, 25 இரண்டு நாளும் ஃபாட் ஜியெம் பக்கம் இருந்துவிட்டு, அதன் பிறகுதான் தெற்கே இறங்கப் போகிறோம். குடில் பார்ப்பதோடு நிறுத்தாமல் திருப்பலி முழுவதும் என்னோடு இருப்பதாக அவளும் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. வீட்டுக்கு எப்போது பேசுவது? அந்தச் சிறிய ஊரில் இரவு தங்க இடம் கிடைக்குமா, அல்லது நடு இரவில் நின் பின் நகரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்குமா?

---

பர்கூர்_அம்மா | அக்டோபர் 10, காலை 6.05

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி என்று என் மகன் சொன்னான். உங்கள் பூசை முடிந்து நீ கூப்பிட்டால், இங்கே கோயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் நிதானமாகப் பேச மாட்டார்கள். எங்கள் பூசை முடிந்து இங்கிருந்து கூப்பிட்டால் உனக்கு விடியற்காலம் ஆகிவிடும், நீ தூங்க வேண்டும். ஆகையால் நம் நேரம் மாலை 6 மணிக்குப் பேசு. பலகாரம் முடிந்து, கறிக்கு மசாலா அரைக்கும் முன், வீட்டில் எல்லோரும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. முகம் தெரியும்படி பேசு. உன் அம்மாவுக்குப் பூசைப் பாட்டையும் கொஞ்சம் பதிவு செய்து அனுப்பு. அவர் மறுநாள் வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்.

---

பொம்மிடி_சந்திப்பு | அக்டோபர் 10, இரவு 8.15

இரண்டாவது கேள்வி. நின் பின் நகரத்திலிருந்து ஃபாட் ஜியெம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பகலில் பேருந்து உண்டு. திருப்பலி முடியும் நேரத்துக்கு இராது. ஊரிலேயே சிறு விடுதிகள் இருக்கின்றன, எளிமையான அறைகள். அவற்றில் பல இணையத்தில் இல்லை என்பதால், நின் பின்னில் தங்கும் ஹாஸ்டல்காரரிடம் சொல்லித் தொலைபேசியில் பேசி வைக்கச் செய்யுங்கள். 24 இரவுக்கு வெளியூர்க் கத்தோலிக்கர்களும் வருவதால் முன்பே சொல்லி வைப்பது நல்லது. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் விடுதிக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஆகவே ஒரே ஓர் இரவுதானே என்று அசல் பாஸ்போர்ட்டைப் பெரிய பையோடு நின் பின்னில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.